சுடாத தீ

ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது, உள்ளே நோயாளர் வாட்டில் ராக்கம்மா காய்ச்சலோடு கட்டிலில் கிடக்கிறாள். போன வாரம் நாம் விட்ட இடம் இதுதான்.

மறந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கலகெதரப் பக்கம் ரத்கொல்ல தேயிலைத் தோட்டத்து ராக்கம்மா, மாரியம்மன் திருவிழாவில் பூக்குழி இறங்கினாள். உள்ளங்காலில் கண்ட கொப்புளத்தை மகளிடம் காட்டாமல், அந்த மகளுடைய பழைய காலுறையையே எடுத்து மாட்டி மறைத்தாள். மகள் கிருஷாந்தி ரத்கொல்ல ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருவிழா நேரத்தில் ஒரு பயிற்சிக்காகக் கண்டியில் தங்கியிருந்தவள், திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு வாடை அடித்தது. காலுறையைக் கழற்றிப் பார்த்தவள், அம்மாவைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தாள்.

ஊர்ப் புண்ணுக்கெல்லாம் கட்டுப் போடுகிறவள் வீட்டிலேயே ஒரு கால் அழுகிக்கொண்டிருந்திருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இன்றைக்கு ஆஸ்பத்திரியின் புதிய மூன்று மாடிக் கட்டடம் திறக்கிற நாள். காலையிலேயே மடவளையிலிருந்து அர்கம் நானாவின் லொறியில் கதிரைகள் வந்து இறங்கின. நானாவுக்கு அங்கே ஹாட்வெயார் கடை. இங்கே ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். வெயில் ஏறுவதற்கு முன்பே தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கத்திக் கத்தி வேலை வாங்கிக்கொண்டிருந்தார். மேடையில் குத்துவிளக்கு வைத்தாயிற்று. அமைச்சர் ஒரு திரி, டொக்டர் ஒரு திரி, பன்சலைப் புத்தபிக்கு ஹாமுதுரு ஒரு திரி. நாலாவது திரி ராக்கம்மாவுக்கு என்று சங்கம் முன்பே முடிவெடுத்திருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். அதற்குள் வாட்டுக்கு டொக்டர் வந்துவிட்டார்.

டொக்டர் தில்ருக்ஷிக்குத் தமிழில் மூன்று வசனம் தெரியும். வலிக்குதா, மூச்சு எடுங்க, பயப்படவேணாம். மிச்சத்துக்கெல்லாம் கிருஷாந்திதான். தோட்டத்திலிருந்து வருகிற சனங்கள் டொக்டர் அறைக்குள் நுழைந்ததும் டொக்டரைப் பார்ப்பதில்லை, கிருஷாந்தியின் வாயைத்தான் பார்ப்பார்கள். அவள் சொன்னால் டொக்டர் சொன்ன மாதிரி. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். வலது கால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. பேனா முனையால் உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தினார். ராக்கம்மா கூரையைப் பார்த்தபடி, விளக்கேற்றக் கட்டுவதற்கு அரக்குச் சேலையா பச்சைச் சேலையா என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். டொக்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். எப்போது காலைப் பார்க்கத் தொடங்குவார்கள் என்று ராக்கம்மா கேட்டாள்.

கிருஷாந்தி பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். இரண்டு விரல்கள் போய்விட்டன, எடுத்தாக வேண்டும். இன்றைக்கே கண்டிக்குப் போனால் இரண்டு விரலோடு நிற்கும். நாளைக்கென்றால் பாதம். அதற்கும் மேலே தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. இங்கே புதிய கட்டடத்தில் சத்திரசிகிச்சை அறை இருக்கிறது, ஆனால் வெட்டுகிறவரும் இல்லை, மயக்க மருந்து கொடுக்கிறவரும் இன்னும் வரவில்லை. இன்னொன்றையும் அவர் சொன்னார். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தால் காலில் நரம்பு செத்துப்போய் இரண்டு வருஷமாவது இருக்கும். நெருப்புச் சுடாததற்குக் காரணம் அதுதான். அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்தாவிட்டால் அடுத்த வருஷம் மிச்சக் காலோடு மறுபடியும் இறங்குவார், கட்டாயம் சொல்லுங்கள் என்றார்.

ராக்கம்மாவுக்குச் சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்குகிற அளவுக்குத்தான். அவள் மகளின் வாயைப் பார்த்தாள், எல்லோரும் பார்க்கிற மாதிரியே.

"புண்ண கண்டியில வச்சி நல்லா சுத்தம் பண்ணணுமாம்மா. ரெண்டு நாள்ல வந்துறலாமாம்."

அவ்வளவு நேரம் பேசியது இவ்வளவு சின்னதாகிவிட்டதே என்று டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். எல்லாம் சொல்லியாயிற்றா என்று கேட்டார். கிருஷாந்தி தலையாட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவள் சோறே இல்லாமல் வெறும் தட்டில் மறைத்தாள்.

டொக்டர் மாற்றல் துண்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அம்புலன்ஸைத் தயார் பண்ணச் சொல்லிப் போனார்.

ராக்கம்மா சிரித்தாள்.

"சுத்தம் பண்ணத்தானே? அதுக்கு எதுக்குடி கண்டி? நீயே பண்ணேன்."

கிருஷாந்தி சொன்ன பொய்யை வைத்துப் பார்த்தால் அம்மா கேட்டது நியாயம்தான்.

காய்ச்சலில் கண் சிவந்திருந்தாலும் ராக்கம்மாவின் பேச்சில் குறைவில்லை. இன்றைக்குப் போக முடியாது என்றாள். விளக்கேற்றணும். வர்ற ஞாயிற்றுக்கிழமை கலகெதர அன்னலட்சுமி மகளுக்குக் கல்யாணம், அதற்கும் போகணும். கண்டியில் ரெண்டு நாள் என்று சொல்லி ரெண்டு வாரம் படுக்க வைப்பார்கள், அது தனக்குத் தெரியாதா என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த ஆஸ்பத்திரிக்காக நின்றவளே கண்டிக்குப் போனால் சனம் என்ன சொல்லும் என்று கேட்டாள்.

இனி அந்தக் காரணத்தைச் சொல்லலாம்.

ராக்கம்மா கல்யாணமாகி வந்த காலத்தில் இது ஆஸ்பத்திரி இல்லை, தோட்டத்து டிஸ்பென்சரி. ஒரே ஒரு காம்பரா அறை. ஒரு டிஸ்பென்சர் ஐயா. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே பெரிய போத்தலிலிருந்து ஒரே கலர்த் தண்ணி. ஒரு நாள் காலையில் அவள் புருஷன் லெட்சுமணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கே போனான். சாயங்காலம் தேயிலைக் கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு வருவதற்கு முன்னாலேயே ராக்கம்மாவின் மடியில் அவன் தலை தொங்கிப்போயிற்று. பெரியவன் திலீபனுக்கு அப்போது பள்ளிக்கூட வயது, கிருஷாந்தி கைக்குழந்தை. அன்றிலிருந்து கண்டி என்ற ஊர் அவளுக்கு அந்தப் பாதைதான். பெரஹரா ஊர்வலம் பார்க்கக்கூட அவள் போனதில்லை.

பிறகு டிஸ்பென்சரியை அரசாங்கம் எடுத்தது. எடுத்தது பெயர்ப் பலகையில் மட்டும்தான். பிரசவ வாட்டு கட்டுவதற்குச் சாமான் வந்து ரோட்டோரம் கிடந்தது, மேடு ஏற லொறிக்குப் பாதை இல்லை. அப்போதுதான் ராக்கம்மா தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகப் போய்ப் பெண்களைக் கூட்டினாள். கீழேயிருந்து குன்றுக்கு மேல் வரைக்கும் வரிசையாக நின்று தாச்சி தாச்சியாக மணலைக் கைமாற்றி ஏற்றினார்கள். தோட்டத்துப் பெண்களுக்குப் பக்கத்தில் கிராமத்துச் சிங்களப் பெண்கள் நின்றார்கள். மடவளையிலிருந்து அர்கம் நானா சிமெந்தோடு தன் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வாட்டில் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கும் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கிளினிக் வந்தது, எக்ஸ்ரே வந்தது, பல்லுக்குக் கதிரை வந்தது. மூன்று மாடிக்கு அத்திவாரம் போட்டு, அது வருஷக்கணக்காகப் புல்லு முளைத்துக் கிடந்தது. மனுஷர் கையில் இல்லாததை ராக்கம்மா ஆத்தாவிடம் கேட்டாள். கட்டடம் எழும்பித் திறக்கிற வரைக்கும் வருஷா வருஷம் பூக்குழி இறங்குகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். போன வருஷமும் இந்த வருஷமும் நெருப்பு சுடவே இல்லை, ஆத்தா பூவாக்கிவிட்டாள் என்று கோயிலடியில் நின்று சொன்னாள். கேட்டவர்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அந்தக் காலைப் பற்றித்தான் டொக்டர் சொன்னார். கிருஷாந்தி எப்படிச் சொல்லுவாள், நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்ச நேரத்தில் திலீபன் வந்தான். கலகெதர பஸ் ஸ்டாண்டில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவன், இன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தான். கையில் அரக்குச் சேலை. மேடையில் தமிழில் பேசப்போவது அவன்தான். பூக்குழிக் கதையோடு பேச்சை முடிப்பதாக முடிவுசெய்திருந்தான்.

கிருஷாந்தி அவனை மருந்தறைப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சேலையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கேட்டான். நம்பவில்லை. பிறகு நம்பினான். நம்பிய பிறகு கோபம் வந்தது. டொக்டர் மேலே கொஞ்சம், தங்கச்சி மேலே கொஞ்சம், தன் மேலே நிறைய. கரகத்துக்கு முன்னால் அம்மாவின் கையைப் பிடித்துக் குழி வரைக்கும் கூட்டிப்போனவன் அவன்தான்.

"வெரல் போகுதுன்னு சொல்லு. அது தாங்கும்," என்றான். "மத்தத சொல்லாத புள்ள. ஆத்தா கைவிட்டுட்டான்னு நெனச்சா அம்மா ஒடஞ்சிபோயிரும்."

"விரல் ஏன் போச்சுன்னு கேட்டா?"

அதற்குத் திலீபன், விழா முடியட்டும், விளக்கை ஏற்றிவிட்டு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். அமைச்சர் மத்தியானத்துக்குள் வந்துவிடுவாராம். மத்தியானத்துக்குள் என்றால் சாயங்காலம் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கிருஷாந்திக்கும் தெரியும். இருந்தாலும், சரி அண்ணே என்று சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க ஒரு சாட்டு கிடைத்தால் யார்தான் விடுவார்கள்.

அவளை விடாதவர் ஒருத்தர் அங்கே இருந்தார். வாட்டுக்குப் பொறுப்பான தலைமை நர்ஸ் றஞ்சனா மிஸ். யாழ்ப்பாணத்து மனுஷி, கண்டிப்பானவர். காலையில் மேடைப் பக்கம் நின்றுவிட்டு அப்போதுதான் வாட்டுக்கு வந்திருந்தார். அம்புலன்ஸ் தயாராக நிற்கிறது, நோயாளி வரமாட்டேன் என்கிறார், ஏன் என்று கேட்டார். கிருஷாந்தி சுற்றி வளைத்தாள். மிஸ் நேரே கேட்டார்.

"டொக்டர் சொன்னதை அவவுக்குச் சொன்னனீரோ, இல்லையோ?"

"முழுசா சொல்லல மிஸ். அவங்க ஒடஞ்சி போயிருவாங்க."

"அது அவவின்ர கால், கிருஷாந்தி. அவவுக்குத் தெரியாமல் நீர் என்னெண்டு முடிவெடுப்பீர்?"

மிஸ் குரலை உயர்த்தவில்லை. நீர் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்றார். ஆனால் என் வாயால் கேட்டால், அம்மா இனி உம்மை நம்பமாட்டா, அதையும் யோசித்துக்கொள்ளும் என்றார். கையிலிருந்த காய்ச்சல் அட்டையை நீட்டிக் காட்டினார். காய்ச்சல் காலையைவிட ஏறியிருந்தது.

கிருஷாந்தி அம்மாவின் கட்டிலுக்குப் போய் மறைப்புத் திரையை இழுத்துவிட்டாள். வெளியே ஒலிபெருக்கி சோதிக்கிறார்கள், ஒன்று இரண்டு மூன்று என்று மூன்று மொழியில் எண்ணுகிறார்கள். திலீபன் கட்டிலின் கால்மாட்டில் சேலையோடு நின்றான். அவன் வேண்டாம் என்று தலையசைத்ததை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"அம்மா, என் கையப் பாரு."

ராக்கம்மா தலையைத் தூக்கினாள். கிருஷாந்தி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அம்மாவின் உள்ளங்காலில் வைத்து அழுத்தினாள். முனை தோலுக்குள் பதிந்தது.

ராக்கம்மா அதைப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் காலைப் பார்த்தாள்.

"நீ அமுக்குறியா?"

"அமுக்குறேன்மா."

பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்தது. இரண்டு விரலை எடுக்கணும், இன்றைக்கே எடுக்கணும், இல்லையென்றால் பாதம், அதுக்கும் மேலே போனால் நீ. சீனி நரம்பைத் தின்றுவிட்டது, அதனால்தான் நெருப்புச் சுடவில்லை. சொல்லும்போது கிருஷாந்தி அழுதாள். நர்ஸ் அழக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவிடம் சொல்லும்போது என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

ராக்கம்மா அழவில்லை. காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வருஷம் இறங்கினபோது கால் எரிந்தது என்றாள் கடைசியில். வீட்டுக்கு வந்து மஞ்சள் தண்ணியில் காலை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தெரியாமல் அழுதாளாம். அடுத்த வருஷமும் எரிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. போன வருஷம் ஒன்றுமே இல்லை. ஒரு நாள் அடுப்படியில் சுடுதண்ணி காலில் கொட்டியதுகூடத் தெரியவில்லை, அதுவும் ஆத்தா செயல் என்றுதான் நினைத்தாளாம்.

"சுட்ட வரைக்கும் அவ என் காலுக்குக் காவலா இருந்திருக்கா. அது வெளங்காம, சுடாதத வரமுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

திலீபன் சேலையை முகத்தில் வைத்துக்கொண்டான். அவன் பயந்த மாதிரி அம்மா உடையவில்லை. ஆத்தாளைத் திட்டவும் இல்லை.

"எடுக்கட்டும்," என்றாள். "ரெண்ட எடுத்துட்டு மிச்சத்த குடுக்கட்டும். வரேன், வண்டிய கூப்பிடு."

கிருஷாந்திக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பியவளை ராக்கம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிடியில் காய்ச்சல் சூடு தெரிந்தது.

"காலையில டொக்டர் சொன்னப்பவே இத ஏன் சொல்லல?"

"நீ பயந்துருவேன்னு."

"ஒங்கப்பன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டுப் போனப்ப டிஸ்பென்சர் ஐயாவும் வாய்வுதான்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினாரு. செத்த வீட்டுக்கு வந்து சொல்றாரு, அப்பவே தெரியும் ராக்கம்மா, நீ பயந்துருவேன்னுதான் சொல்லலன்னு. அவரு காலையிலயே சொல்லியிருந்தா நான் கொழுந்து லொறிக்குக் காத்திருப்பேனா?" ராக்கம்மா மூச்சு வாங்கினாள். "எல்லாம் கட்டினோம். கட்டடம் மட்டும்தான்டி வளந்திருக்கு."

இந்தக் கதையைப் பிள்ளைகள் இரண்டு பேரும் அதுவரை கேட்டதில்லை. அப்பா வழியில் செத்தார் என்று தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு நாள் வீணாகப் போனது தெரியாது. கிருஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அம்மா இத்தனை வருஷமாக அந்த வேதனையைத் தனியாகவே வைத்திருந்திருக்கிறாள்.

தள்ளுகட்டில் வந்தது. ஏற்றிப் படுக்கவைத்த பிறகு ராக்கம்மா இன்னொன்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது அதிகமாகச் சுட்டது.

"இங்க வர்ற சனமெல்லாம் ஒன் வாயத்தானே பாக்குது. அவங்களுக்கும் இப்பிடித்தான் சொல்றியா?"

இல்லையென்று சொல்லக் கிருஷாந்தி வாயைத் திறந்தாள். உண்மையிலேயே இல்லைதான். எத்தனையோ பேருக்கு, எவ்வளவோ கசப்பானதை, டொக்டர் சொன்ன மாதிரியே சொல்லியிருக்கிறாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ஒரு முகம் ஞாபகம் வந்துவிட்டது.

"ஒருத்தங்களுக்கு மட்டும்மா. அன்னலட்சுமி அக்காவுக்கு."

மார்பில் கட்டி என்று அன்னலட்சுமி கிளினிக்குக்கு வந்திருந்தாள். சந்தேகமாக இருக்கிறது, உடனே கண்டிக்குப் போய்ச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டொக்டர். அன்னலட்சுமி மகளுடைய கல்யாணப் பத்திரிகையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, வீட்டு வேலையெல்லாம் தன் தலையில் கிடக்கிறது என்று அழுதாள். அந்த முகத்தைப் பார்த்து உடனே என்ற வார்த்தை கிருஷாந்திக்கு வரவில்லை. கல்யாண வேலை முடிந்ததும் கண்டிக்குப் போய் ஒருக்கா காட்டிக்கொள்ளுங்க அக்கா என்று சொல்லிவிட்டாள். அன்னலட்சுமி சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு கிளினிக் நாள் போய்விட்டது, அவள் வரவில்லை.

ராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்புலன்ஸ் வெளியேறுகிற பாதையில்தான் பந்தல். வாசலை அடைத்துக் கதிரைகள். அர்கம் நானாவுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. முதல் வரிசைச் சோபாவை அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். அமைச்சர் வர நேரமாகிறது, வரவேற்பு வளைவைக் கழற்ற வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். நானா திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பாதையில மணல் ஏத்தினது இவங்கதான். இவங்க போறதுக்கு இல்லாத வளைவு நமக்கு என்னத்துக்கு?"

வளைவு கழன்றது. வாழை மரங்கள் ஓரமாகப் போயின. அம்புலன்ஸில் ஏற்றுகிற இடம் மேடைக்குப் பக்கத்திலேயே வந்தது. விளக்கும் தீப்பெட்டியும் தயாராக இருந்தன. திலீபன் ஓடிப்போய் அர்கம் நானாவிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, ஒரே நிமிஷம் அம்மா, ஒன் திரிய மட்டும் ஏத்திட்டுப் போ என்றான். அவன் பேச்சுத் துண்டு சட்டைப் பையிலேயே இருந்தது, அதை அவன் அப்போது நினைக்கவில்லை.

ராக்கம்மா தலையை மட்டும் தூக்கி மூன்று மாடியையும் ஒருதடவை பார்த்தாள். மேல்மாடிக் கண்ணாடிக்குள் புது விளக்குகளும் இயந்திரங்களும் பொலித்தீன் சுற்றியபடி நின்றன.

"நேரமாகுது, போ. அந்தத் திரி கெடக்கட்டும். வந்து ஏத்துறேன். வெரல் இல்லாட்டி என்னா, வெளக்க கையாலதானே ஏத்துறது."

சுற்றி நின்ற பெண்களில் சிலர் அழுதார்கள், ஒருத்தி சிரித்தாள். ராக்கம்மாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்டிப் பாதை அவளுக்கு முன்னால் இருந்தது. அவள் கை திலீபனின் வேட்டி முனையைப் பிடித்திருந்ததைக் கிருஷாந்தி கவனித்தாள். அம்மா பயந்துபோயிருந்தாள், நன்றாகவே பயந்துபோயிருந்தாள், ஆனால் போனாள்.

கிருஷாந்தி அம்புலன்ஸில் ஏறக் காலை வைத்தாள்.

"நீ வராத."

"அம்மா, நான் நர்ஸ். நான் வந்தா அங்க பேசலாம்."

"அங்கயும் ஒரு மகராசி இருப்பா, எனக்குச் சொல்ல. அண்ணன் வரட்டும். நீ அன்னலட்சுமிகிட்டப் போ." அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவு மூடியது. அம்புலன்ஸ் வளைவில்லாத வாசலால் இறங்கி, மணல் ஏறிய அதே மேட்டால் கீழே போனது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் அழைக்கும்படி திலீபனிடம் சொல்லியிருந்தாள் கிருஷாந்தி. றஞ்சனா மிஸ்ஸிடம் லீவு கேட்டாள். எங்கே போகிறீர் என்று மிஸ் கேட்கவில்லை. போயிட்டு வாரும் என்றார்.

கலகெதர பஸ்ஸில் அவள் நின்றுகொண்டே போனாள். இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. போன் ஒருதடவை அடித்தது. பாலம் தாண்டிவிட்டோம், அம்மா முழிச்சிருக்கு, கண்ண மூடிக்கிட்டாச்சும் தாண்டிருச்சி என்றான் திலீபன். கிருஷாந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற சிங்களத்து அம்மா ஒருத்தி, காரணம் கேட்காமல், கைலேஞ்சியை நீட்டினாள்.

அன்னலட்சுமி வீடு சந்தைக்குப் பின்னால். வாசலில் பந்தலுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். முறுக்குச் சுடுகிற எண்ணெய் வாசனை ரோட்டு வரைக்கும் வந்தது. கல்யாணப் பொண்ணு மருதாணிக் கையோடு எட்டிப் பார்த்து, அம்மா, ஆஸ்பத்திரி மிஸ் வந்திருக்காங்க என்று உள்ளே கூப்பிட்டாள்.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அன்னலட்சுமி வந்தாள். முன்பு பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். வாங்க மிஸ், வாங்க, இன்னக்கி உங்க ஆஸ்பத்திரியில பெரிய விழாவாச்சே, எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்களே என்று கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி போடச் சொல்லி மகளை அனுப்பினாள். அந்தச் சிரிப்பைத்தான் கிருஷாந்தி அன்றைக்குக் காப்பாற்றிக் கொடுத்திருந்தாள்.

கிருஷாந்தி உட்காரவில்லை. பொண்ணு அடுப்படிக்குப் போகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"அக்கா, அன்னைக்கி டொக்டர் உங்கள உடனே கண்டிக்குப் போகச் சொன்னாங்க. கல்யாணம் முடிஞ்சி போங்கன்னு அவங்க சொல்லல. அது நான் சொன்னது."